மோந்து வாடும் மனிதர்கள்

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளில் அனிச்சமலர் வருகிறது. மோந்த அளவிலேயே அம்மலர் வாடிவிடும். விருந்தினரோ நம் முகம் சற்று மாறி நோக்கினாலே வாடிவிடுவர் என்பது கருத்து. இதைச் சொல்லி, உவமையின் நயத்தை எடுத்துக்காட்டி, இல்பொருளா உள்பொருளா என்று மாணவர்களோடு சற்று விளையாடிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவது என் வழக்கம்.

நாம் மோந்தால் மலர் வாடும். நாமே எதையோ மோந்து நாமே வாடிப்போகும் நிலை ஒன்று உண்டு என்பதை 2023ஆம் ஆண்டு வரை நான் அறிந்ததில்லை. இலக்கியம் பேசும் இந்த இடத்தில் மாத்திரையையும் பெயிண்டையும் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதை எழுதக் காரணம், நான் பட்ட துன்பத்தில் பாதி உடம்பால் வந்தது, மீதிப் பாதி முகங்களால் வந்தது என்பதுதான். முதல் பாதிக்கு மருத்துவர் இருந்தார். இரண்டாம் பாதிக்கு மருந்து நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

*

2014இல் என் தம்பி சாலை விபத்தில் இறந்தான். அதன் பிறகு எனக்கு உறக்கம் போயிற்று. விளக்கை அணைத்தால் நெஞ்சு படபடக்கும். மருத்துவர் ஒருவர் அல்பிரஸோலம் கால் மில்லிகிராம் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். முதல் இரவே உறங்கினேன். அந்த உறக்கத்தின் இனிமையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு வாரம் ஏழு ஆண்டுகளாயிற்று. கால், அரையாயிற்று, அரை, ஒன்றாயிற்று. நைந்துபோன அதே பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் மாத்திரை கிடைத்தது. பிறகு சீட்டும் தேவைப்படவில்லை. அல்பிரஸோலம், டயஸிபாம் போன்றவற்றை 'எச் 1' என்னும் அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்னும் விதி 2014 மார்ச் மாதமே நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேட்டு வாங்கியது நான்.

2021 ஜூன் மாதத்தில் ஒருநாள் எனக்கே வெட்கமாகி, இனி இல்லை என்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினேன். அது வீரம் என்று நினைத்தேன், அறியாமை. நான்கு நாள் உறக்கமில்லை. கை நடுங்கியது. குழல்விளக்கின் ஒளி கண்ணைக் குத்தியது. பக்கத்து வீட்டு மிக்ஸியின் ஓசை பல்லுக்குள் கேட்டது. நெடுநாள் உட்கொண்டவர்கள் இப்படித் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், உயிருக்கும் தீங்கு நேரலாம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஒருவர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கி, நீண்டநேரம் உடலில் தங்கக்கூடிய டயஸிபாமுக்கு மாற்றி, சிறுகச் சிறுகக் குறைத்தார். பதினெட்டு மாதம் ஆயிற்று. 2023 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், கடைசித் துண்டை விழுங்கினேன்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். என் வீட்டாரும் அப்படித்தான் எண்ணினார்கள்.

*

கல்லூரியில் பணிபுரியும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் முதலில் நூலகத்துக்குப் புத்தகம் வராது. சுவருக்குப் பெயிண்ட் வரும். 2023 செப்டம்பரில் எங்கள் கல்லூரிக்கும் வந்தது. சுவருக்கு டிஸ்டெம்பர், கதவுக்கும் சன்னலுக்கும் எனாமல், மேசைக்கு வார்னிஷ், எல்லாவற்றுக்கும் மேலாகத் தின்னர். வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே வேலையும் நடந்தது.

அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் நான் நன்றாகத் தேறியிருந்தேன். இடையிடையே ஒரு மோசமான வாரம் வரும். பிறகு இரண்டு நல்ல வாரங்கள் வரும். அன்று காலை துறை அறைக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்ந்த சில நிமிடங்களில் நாக்கில் உலோகச் சுவை தட்டிற்று. தலைக்குள் எறும்பு ஊர்வது போலிருந்தது. நெஞ்சு பறந்தது. அறையே சற்றுத் தொலைவாகத் தள்ளிப்போய், உடன் பணிபுரிவோர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலாயிற்று. எழுந்து ஓடி வேப்பமரத்தடியில் நின்றேன். நெடி நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. அன்றிரவு உறக்கமில்லை, மறுநாளும் இல்லை. 2021 ஜூன் மாதத்தில் பட்டதெல்லாம், ஒளி குத்துவது, ஓசை அறைவது, கை நடுங்குவது, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. எட்டு மாதம் ஏறிய படிகள் அத்தனையும் ஒரே நாளில் இறங்கிவிட்டதாகத் தோன்றியது.

"மூக்குக்குமா மேடம் இப்படி ஒரு சீக்கு வரும்?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். என் வகுப்புகளை அந்த வாரம் அவர்தான் எடுத்தார். ஆனாலும் சிரித்தார். "எங்களுக்கும்தானே நாறுது" என்றார் இன்னொருவர். வீட்டில் என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி, "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். தின்னரின் நெடியைவிட அந்த மூன்றாவது முகத்தில்தான் நான் முற்றாக வாடினேன்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்தேன். பட்டுச்சேலைகளுக்கு அடியில் பழைய மாத்திரை அட்டை ஒன்றில் நான்கு மாத்திரைகள் மிச்சமிருந்தன. தூக்கி எறியாமல் வைத்திருந்தேன் என்பதை இங்கேதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன். கதவைத் திறந்ததும் அந்துருண்டையின் நெடி முகத்தில் அடித்தது. தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்த நெடியால் மாத்திரை தேடிப் போனேனோ, அதன் தங்கை போன்ற ஒரு நெடிதான் மாத்திரையை எடுக்கவிடாமல் தடுத்தது. இப்போது சிரிக்க முடிகிறது. அன்று அழுதேன்.

அழுகுரல் கேட்டு என் அத்தை, என் கணவரைப் பெற்றவர், எழுந்து வந்தார்கள். எழுத்தறிவு அதிகமில்லாதவர்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பீரோவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "மசக்கைக்காரிக்குத் தாளிக்கிற வாடை ஆகாதுன்னா ஊரே நம்புது. நீ சொன்னா மட்டும் பொய்யா? எந்திரி தாயி, மாடிக்குப் போவோம். அங்கன காத்து வரும்."

விடியும்வரை மொட்டைமாடியில் பாய் விரித்து இருவரும் அமர்ந்திருந்தோம். உறக்கம் வரவில்லை. ஆனால் மாத்திரையும் தேவைப்படவில்லை.

*

படித்தவர்களாகிய எங்களுக்கு எட்டாத ஓர் உண்மையை அத்தை மசக்கை என்னும் ஒரே சொல்லில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். வயா என்று பழந்தமிழும் மசக்கை என்று பேச்சுத் தமிழும் குறிக்கும் அந்நிலையில், நேற்று வரை மணமாயிருந்தது இன்று குமட்டலாகிறது. பொருள் மாறவில்லை, மோக்கும் உடம்பு மாறியிருக்கிறது. கருவுற்றவளிடம் "எங்களுக்கெல்லாம் மணக்கத்தானே செய்கிறது" என்று யாரும் வாதிடுவதில்லை. அடுப்படியிலிருந்து அவளை அப்பால் இருக்கச் சொல்கிறோம். "இது எத்தனை நாளைக்கு?" என்றும் அஞ்சுவதில்லை, போய்விடும் என்று நமக்குத் தெரியும். நம்பிக்கை, சிறு ஏற்பாடு, அச்சமின்மை என்ற மூன்றும் அங்கே இயல்பாக அமைந்துவிடுகின்றன. மருந்திலிருந்து மீள்பவருக்கு வேண்டியவையும் இம்மூன்றே. ஆனால் அவருக்கு மூன்றும் மறுக்கப்படுகின்றன.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகு என் மருத்துவர் விளக்கினார்; நானும் தேடிப் படித்தேன். லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலர் அமெரிக்காவில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றியபோது கண்டறிந்த மருந்து வகை இது. 1960இல் லிப்ரியமும் 1963இல் வாலியமும் விற்பனைக்கு வந்தன. மூளையில் காபா என்னும் இயற்கை வேதிப்பொருள் நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கும் கைக்கு இம்மாத்திரை வலுவூட்டுகிறது. வண்டியில் நம்மோடு இன்னொருவரும் அமர்ந்து எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், நம் கால் நாளடைவில் மிதிக்க மறந்துவிடும் அல்லவா? மூளையும் தன் தடுப்புகளைத் தளர்த்திக்கொள்கிறது. மாத்திரை நின்றதும் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. தளர்ந்த தடுப்பு மீண்டும் இறுக வாரங்கள் ஆகலாம். சிலருக்கு மாதங்கள், வெகுசிலருக்கு அதனினும் கூடுதலாக ஆகும்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இம்மாத்திரைகளை விடுவோருக்கென்றே தனி மருத்துவமனைப் பிரிவு நடத்தியவர் ஹெதர் ஆஷ்டன் என்னும் பேராசிரியர். அவர் எழுதிய கையேடு உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. 2019இல் அவர் மறைந்தார். ஒளி, ஒலி, தொடுகை, சுவை, மணம் ஆகிய புலன்கள் எல்லாம் இக்காலத்தில் மிகைக்கூர்மை அடைவதை அக்கையேடு பதிவு செய்கிறது. அதைப் படித்தபோது, என் மூக்குக்கு ஒரு சாட்சி கிடைத்தது போல் உணர்ந்தேன்.

மணத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவேயுள்ள தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் இறங்கி, பிறகே புறணிக்குப் போகிறது. மணம் அந்த நிலையத்தில் இறங்குவதில்லை. மூக்கிலிருந்து நுகர்ச்சிக் குமிழுக்கும், அங்கிருந்து அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதிக்கும் அது நேரே போய்ச் சேர்கிறது. எனவே ஏற்கெனவே கிளர்ந்திருக்கும் மூளையில் நெடி முதலில் அச்சமாக எழுந்து, அதன் பிறகே 'இது தின்னர்' என்னும் அறிவாகிறது என்றால் அதில் வியப்பில்லை. தின்னரிலும் பெயிண்டிலும் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்களும், மயக்கமருந்து வாயுக்களும், சாராயமும் மூளையில் செயல்படும் இடங்களுள் காபா ஏற்பிகளும் ஒன்று. மாத்திரை தொட்ட அதே இடம்.

*

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை எனக்கு வசதியாக முடிந்திருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் அதிக அளவில் காணப்படும் ஒரு விளைவை, சன்னல் திறந்த அறையில் எஞ்சிய சிறு நெடியும் நிகழ்த்தும் என்று யாரும் நிறுவவில்லை. வேதிப்பொருள் நெடிகளால் துன்புறுவோரிடம் திரைமறைவுச் சோதனைகள் பல நடந்துள்ளன. அவற்றைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஆய்வு, இவர்களுக்கு உடல் விளைவு உண்மையிலேயே ஏற்படுகிறது, ஆனால் எது வேதிப்பொருள், எது வெறுங்காற்று என்று தெரியாதபோது இரண்டையும் இவர்களால் வேறுபடுத்த முடிவதில்லை என்று காட்டிற்று. எதிர்பார்ப்புக்கும் அச்சத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது அதன் பொருள். 1996இல் பெர்லினில் கூடிய வல்லுநர்களும் நச்சு என்று தீர்ப்புச் சொல்லாமல், காரணம் அறியப்படாத சூழல் ஒவ்வாமை என்ற பொருள்படவே இந்நிலைக்குப் பெயரிட்டார்கள்.

இதைப் படித்து முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு என்னையே பார்த்தேன். அந்தச் செப்டம்பருக்குப் பின் நான் செய்தது என்ன? முதலில் பெயிண்டை விலக்கினேன், அது நியாயம். பிறகு பினாயிலை விலக்கினேன். பிறகு கொசுவிரட்டித் திரவம், ஊதுவத்தி, சாம்பிராணி, பேருந்தின் டீசல் புகை, திருமண வீட்டில் பன்னீர். மார்கழியில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். தங்கை மகளின் சடங்குக்குப் போகவில்லை. இணையத்தில் படிக்கப் படிக்கப் பட்டியல் நீண்டது. எல்லாமே நஞ்சு என்றார்கள், ஒருமுறை பட்டால் எல்லாம் முதலிலிருந்து என்றார்கள். 2024 தொடக்கத்தில் என் உலகம் ஓர் அறையும் ஒரு மொட்டைமாடியுமாகச் சுருங்கியிருந்தது. ஒருநாள் தொலைக்காட்சியில் ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் விளம்பரத்தைக் கண்டு என் நெஞ்சு படபடத்தது. திரையிலிருந்து நெடி வராது என்பது எனக்குத் தெரியாதா?

மருத்துவரிடம் சொன்னேன். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றாலும் நெடி தாங்காமல் போகலாம் என்பதால் அவற்றை முதலில் சோதித்து, இல்லையென்று உறுதி செய்தார். பிறகு சொன்னார்: "கடுமையான கரைப்பான் நெடியிலிருந்து கொஞ்ச நாள் விலகியிருங்கள். அது யாருக்குமே நல்லதில்லை. ஆனால் வீட்டுச் சாவியை மூக்கிடம் கொடுத்துவிடாதீர்கள்." அதன்படி சிறிது சிறிதாகத் திரும்பினேன். கொசுவிரட்டித் திரவத்தில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியோடு மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானும் இருக்கிறது. அதற்குப் பதில் கொசுவலை கட்டிக்கொண்டேன், இன்றும் அதுதான். ஆனால் ஊதுவத்திக்கு ஐந்து நிமிடம், பேருந்தில் இரண்டு நிறுத்தம், கோயிலில் வெளிப்பிரகாரம் என்று ஒவ்வொன்றாக மீட்டேன். நெஞ்சு படபடத்தது, படபடத்துவிட்டு அடங்கியது. அடங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

'அப்படியானால் இது மனப்பிரமைதானே?' என்று கேட்கும் நண்பர்களுக்குத் தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு விடை சொல்ல ஆசைப்படுகிறேன். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கிறது. உடம்பு, நா, மூக்கு, கண், செவி என்று எண்ணி வந்து ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மனத்தை ஐம்புலன்களுக்கு எதிரே தனியாக நிறுத்தவில்லை; அவற்றோடு சேர்த்து ஒரே வரிசையில் எண்ணுகிறது. மூக்கறிவது ஓர் அறிவு என்றால் மனம் அறிவதும் ஓர் அறிவு. இந்த வரிசையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நாம்தான், 'எல்லாம் உன் மனசுதான்' என்று ஒருவரது துன்பத்தை ஒன்றுமில்லாததாக்கிவிடுகிறோம். ஏழாண்டுக் காலம் ஒரு மாத்திரை மூளையில் வேலை செய்தது என்பதை ஏற்கும் நாம், அதே மூளை அதன் பிறகு படும் பாட்டை மட்டும் பிரமை என்பது எந்த வகை நியாயம்? அச்சம் பங்கேற்கிறது என்றால் துன்பம் பொய் என்று ஆகிவிடாது. அச்சத்தையும் சேர்த்துக் குணப்படுத்த வேண்டும் என்றுதான் ஆகும்.

*

இனி, பின்னடைவு என்பதைப் பற்றி ஒரு சொல். இக்கட்டுரையின் நோக்கமே இதுதான்.

மருந்தை விட்டு மீள்பவருக்கு மிகப்பெரிய ஆபத்து நெடியன்று; நெடியால் வந்த பின்னடைவைத் தவறாகப் படிப்பது. வீட்டார் அதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று படிக்கிறார்கள். நோயாளி, இத்தனை மாதமும் வீண் என்று படிக்கிறார். இரு வாசிப்பும் ஒரே இடத்துக்கு, பீரோவில் ஒளித்த மாத்திரைக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. என் செப்டம்பர்ப் பின்னடைவு மொத்தம் மூன்று வாரம் நீடித்தது. நான்காம் வாரம், முன்பு இருந்த படிக்குச் சற்றுக் கீழே மீண்டும் நின்றேன். 2024இல் மேலும் இரண்டு முறை வந்தது. ஒன்று எட்டு நாள், மற்றொன்று நான்கு நாள். முதலிலிருந்து தொடங்கவில்லை. கடல் உள்வாங்கும்போதும் அலை கரைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஓர் அலையைக் கண்டு கடல் ஏறுகிறது என்று முடிவு கட்டலாகாது.

சில சிறு ஏற்பாடுகளை நாம் செய்துவிடலாம். பெரிய செலவு இல்லை. கல்லூரி, பள்ளி, அலுவலகங்களில் பெயிண்ட் வேலையை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். முடியாதபோது இரண்டு நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டலாம். வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் வேறு அறை ஒதுக்கலாம். கரைப்பான் சார்ந்த எனாமலுக்குப் பதில் இயன்ற இடங்களில் நீர் சார்ந்த பெயிண்டைப் பயன்படுத்தலாம். இவை எனக்காக மட்டும் அல்ல. மூச்சிரைப்பு உள்ளவர், கருவுற்றவர், ஏணிமேல் நாளெல்லாம் நின்று அடிக்கும் அந்தத் தொழிலாளி, எல்லாருக்குமானவை. ஆறு வாரம் முகமூடியின்றி அந்த நெடியிலேயே நின்ற அவர்களைப் பற்றி அன்று எங்கள் துறையில் ஒருவரும் பேசவில்லை, நானும்தான்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை எழுதும்போதே எத்தனை நாள் என்பதையும், அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இலேயே அறிவுறுத்திவிட்டது. சார்ந்திருத்தலையும் விடும்போது நேரும் விளைவுகளையும் பற்றிய கடும் எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் கட்டமிட்டு அச்சிட வேண்டும் என்று அமெரிக்க அரசு 2020இல் ஆணையிட்டது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைப்பதிலிருந்து தொடங்குமாறு அந்நாட்டு மருத்துவ அமைப்புகள் 2025இல் கூட்டாக வழிகாட்டுகின்றன. எனக்கு 2014இல் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நாளையே நிறுத்திவிட வேண்டாம். நான் செய்த முதல் தவறு அது. மருத்துவர் துணையோடு, மெல்ல மெல்லத்தான் இறங்க வேண்டும். பலருக்கு இந்த நெடித் துன்பம் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நூலக மேசைகளுக்கு வார்னிஷ் அடிக்க ஏற்பாடாயிற்று. முந்தைய நாள் மாலை எங்கள் துறை உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "அம்மா, நாளைக்குக் கீழே வார்னிஷ் அடிக்காங்க. உங்க வகுப்பை மாடியில மாத்தி எழுதிட்டேன்" என்றார். பாடவேளை மாறியதை அறிவிக்கும் அதே குரல்; அதே முகம். அதில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. மறுநாள் மாடி வகுப்பில் காற்று நன்றாக வந்தது. கீழிருந்து மெல்லிய நெடி ஒன்று ஏறி வரத்தான் செய்தது. நெஞ்சு ஒருமுறை துள்ளி அடங்கிற்று. நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் நெடி தாங்கவில்லை என்று எழுந்து போனால், சன்னலைத் திறந்து வையுங்கள். திரும்பி வரும்போது உங்கள் முகம் மாறாமல் இருக்கட்டும்.